இடது பக்கம் நிற்கவும்

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்து ஐம்பது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் பெடரல் ஹைவே... காலி. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னால் ஒரு வண்டி இல்லை. கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போகும் மோட்டார் சைக்கிள்கூட இல்லை. பெடரல் ஹைவே காலியாக இருந்தால் அதுவே பாதிப் பேய்க் கதை. அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை.

இது எனக்கு நடந்ததல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கூட்டாளி பாலனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. பாலன் பொய் சொல்ல மாட்டான். அதற்கு வேண்டிய கற்பனை அவனிடம் கிடையாது.

நமக்கும் வேறு வேலை இல்லை. இரண்டு லிப்ட்டும் படுத்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஏற முடிந்தவர்கள் படியேறிப் போய்விட்டார்கள். இந்தத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மிஞ்சியிருப்பது நாம் ஐந்து பேர், பதினாலாவது மாடிக்கு மேலே வீடு வாங்கிய புத்திசாலிகள். டெக்னீஷியன் 'ஆன் த வே' என்கிறான். பிரிக்பீல்ட்ஸில் 'ஆன் த வே' என்றால் இன்னும் குளிக்கவே இல்லை என்று அர்த்தம். ஆகவே நெருங்கி உட்காருங்கள்.

"பேய்க் கதையாடா? நான் தனியாத்தான் படுக்கணும்லா," என்றார் உர்சுலா ஆன்டி. எழுந்து போவார் என்று பார்த்தால், காய்கறி வாங்கிவந்த பாசார் பையைத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

சரி. வண்டியை ஓட்டியவர் கார்த்திகேசு. ஐம்பத்து நான்கு வயது. மூத்த துணைப் பொது மேலாளர், பயணி அனுபவப் பிரிவு. பயணிகளுக்கு என்ன அனுபவம் என்று பயணிகளைக் கேட்டால் வாய் வலிக்கச் சொல்லுவார்கள். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனியில் ஒரு மாடி, அந்த மாடியில் கண்ணாடி அறைக்குள் இவர். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரில் தோய்ந்தாலும் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்வார்.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி சந்திரகலா. பாலனுடைய அக்கா. வாழ்நாளில் ஆபீஸ் வேலைக்குப் போகாத அந்த அம்மாள் அன்று கறுப்புக் கோட்டு, உயரச் செருப்பு, தோளில் லேப்டாப் பை. பைக்குள்ளே லேப்டாப் இல்லை. பழைய டெலிபோன் டைரக்டரி. பின் சீட்டில் பாலன், கழுத்தை இறுக்கும் டை கட்டி.

எதற்கு இந்த வேஷம்? சொல்கிறேன்.

இரண்டு ரயில் நிலையங்களை இணைக்கும் ஒரு மூடிய பாலம் இருக்கிறது. எந்த நிலையங்கள் என்று சொல்ல மாட்டேன். நாளைக் காலை நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். பாலத்துக்குள் நகரும் நடைபாதை. டிராவலேட்டர். இருநூறு மீட்டர். ஏறி இடது பக்கம் நின்றால் ஐந்து நிமிடம் எட்டு வினாடியில் அந்தக் கோடியில் இறக்கிவிடும். அவசரம் என்றால் வலது பக்கம் நடக்கலாம். ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பேர். முகத்தைத் தூக்கிப் பார்ப்பவர் நாலு பேர்.

கார்த்திகேசு அதற்கு ஒரு சாதனை வைத்திருந்தார். நூறு நாள், ஒரு தடவைகூட நிற்காமல் ஓட வேண்டும். நூறாவது நாள் அமைச்சர் வருவார், அதில் நின்று பயணம் செய்வார், கேடயம் கொடுப்பார். அதற்கடுத்த வருடம் பெயருக்கு முன்னால் 'டத்தோ' பட்டம் வந்து உட்காரும். இப்படி ஒரு கணக்கு அவருக்கு. தனக்குத்தானே 'டத்தோ கார்த்திகேசு' என்று மெல்லச் சொல்லிப் பார்த்ததை பாலன் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான்.

ஆனால் நடைபாதை ஓரத்தில் சிவப்புப் பட்டன் இருக்கிறதே. சேலை மாட்டினால், குழந்தை விழுந்தால், அழுத்தி நிறுத்துவதற்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சும்மாவே அழுத்திவிட்டு ஓடினார்கள். கார்த்திகேசு ஒரு கடிதம் போட்டார். பட்டன்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி வந்தது. மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டையால் ஒரு கட்டு. அதன் மேல் ஒரு தாள்: 'அழுத்தாதீர். உத்தரவு.' கீழே அவருடைய கையெழுத்து, தேசியக் கொடி மாதிரி விரிந்து.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் கன்னையா. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். முப்பது வருடமாக லிப்ட், படிக்கட்டு என்று எண்ணெயும் கையுமாக இருப்பவர்.

"சார், இது பிரேக் மாதிரி. மூடக் கூடாது சார்."

"கன்னையா, நீங்க மெஷினைப் பாருங்க. அனுபவத்தை நான் பார்த்துக்கறேன்."

மூடியையும் உடைத்து ஒருவன் அழுத்தப் போனான். அவ்வளவுதான், பட்டனுக்குப் போகும் வயரையே கழற்றச் சொல்லி அடுத்த கடிதம். தற்காலிக நடவடிக்கை என்று போட்டிருந்தார். நம் ஊரில் தற்காலிகமாகக் கழற்றிய எதையாவது யாராவது திரும்ப மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த லிப்ட்டைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு மாதம் போனதும் கன்னையா கண்ணாடி அறைக்குப் போய் நின்றார். கையில் ஒரு காகிதம். நடைபாதையின் இரண்டு முனையிலும் ஆளை எண்ணும் கருவி இருக்கிறது.

"சார், நேத்து ஏறினது நாப்பதாயிரத்துப் பன்னெண்டு. எறங்கினது நாப்பதாயிரத்துப் பதினொண்ணு."

"சென்சார் கோளாறு."

"தினமும் ஒண்ணுதான் சார் குறையுது. ரெண்டு குறையறதில்ல. குறையாமலும் இருக்கறதில்ல. முத நாள்லேருந்து பாத்துட்டேன்."

"ம்."

"அப்புறம் சார்... ராத்திரி பூட்டினப்புறம் உள்ள நாசி லெமாக் சோத்து வாசம் வருது."

"யாராவது பொட்டலத்தைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க."

"ஒரு மாசமாவா சார்? சூடாவா?"

கார்த்திகேசு கணக்கைப் போட்டுப் பார்த்தார். நாற்பதாயிரத்தில் ஒன்று. அப்படியென்றால் தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு ஐந்து சதவீதப் பயணிகள் பத்திரமாக இறங்குகிறார்கள்! அதை ஒரு ஸ்லைடாகப் போட்டார், பச்சை நிறத்தில். மேலிடம் வரை போனது. 'ஏற்கத்தக்க வித்தியாசம்' என்று எழுதிக் கைதட்டினார்கள்.

"தெனம் ஒரு ஆளு காணாமப் போனா தெரியாதாடா?" என்றார் உர்சுலா ஆன்டி.

எப்படித் தெரியும் ஆன்டி? ஆபீஸில் உடம்பு சரியில்லை, எம்.சி. போட்டிருக்கிறான் என்று நினைப்பார்கள். வீட்டில் ஓவர்டைம் என்று நினைப்பார்கள். அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆள் என்றால்... யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

தொண்ணூற்று ஒன்பதாவது நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அமைச்சர். பொதுமக்களுக்கு அன்று முழுக்க வழி அடைப்பு, துப்புரவுப் பணி என்று பலகை. உள்ளே ஒத்திகை. அமைச்சர் நிற்கும்போது பின்னால் பயணிகள் தெரிய வேண்டும். உண்மையான பயணிகள் சரிப்பட மாட்டார்கள். திங்கட்கிழமை காலை அவர்கள் முகத்தைக் கேமராவில் காட்ட முடியுமா? ஆகவே அதிகாரிகளின் குடும்பத்திலிருந்து பன்னிரண்டு பேர். ஒருவர் கையில் பேப்பர், ஒருவர் கையில் காப்பிக் குவளை. சிரித்தபடி வேலைக்குப் போகும் பன்னிரண்டு பேர்.

கார்த்திகேசு இறங்கும் முனையில் நின்றார், கன்னையாவின் அறை வாசலில். வாக்கி டாக்கியில் உத்தரவு.

"எல்லாரும் இடது பக்கம். ஒவ்வொருத்தருக்கும் நடுவுல ரெண்டு அடி. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கலா, நீ கடைசி."

ஏழு மணி நாலு நிமிடம். ஓடத் தொடங்கியது. ரப்பர் கைப்பிடி லேசாகக் கிறீச்சிட்டது. காலுக்குக் கீழே தகடுகள்... டக்... டக்... டக். அமைச்சருக்காக அடித்த புதுப் பெயின்டு வாசம் மூக்கை அரித்தது. பாலன் பதினோராவது ஆள். அவனுக்குப் பின்னால் அக்கா. அக்காவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"டேய் பாலா, பசியாறிட்டியா?"

"இல்லக்கா. முடிச்சிட்டுப் போலாம்."

"யாரோ நாசி லெமாக் வச்சிருக்காங்கடா. வயித்தக் கிளப்புது."

பாலனுக்கும் வந்தது. பெயின்டு வாசத்தைத் தள்ளிக்கொண்டு... தேங்காய்ப்பால் சோறு, சம்பல், வாடிய வாழையிலை. முன்னால் நின்ற பத்துப் பேர் கையிலும் பொட்டலம் இல்லை. வாசம் பின்னாலிருந்து வந்தது. பிடரியில் ஆவி பட்டது போல ஒரு சூடு. அவன் திரும்பவில்லை. அத்தான் திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தாரே.

முனை வந்தது. இறங்கினான். சுவரில் ஆளை எண்ணும் கருவியின் எண் மாறியது. பதினொன்று.

திரும்பினான்.

வெறும் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முனையிலிருந்த இரும்புச் சீப்புப் பற்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. டக். டக். டக். சுவரில் எண் மாறவில்லை.

"எங்க இவ? திரும்பி நடந்துட்டாளா?" கார்த்திகேசுக்கு எரிச்சல். மறுமுனையில் நின்ற காவலாளியை வாக்கி டாக்கியில் கேட்டார். யாரும் வரவில்லை பாஸ் என்றான். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் கண்ணாடி. கதவு கிடையாது. கீழே சாலை. கார்த்திகேசு போனை எடுத்தார். பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் போட்டார். திட்டுவதையும் நாலு பேர் கேட்கட்டும் என்றிருக்கும்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க."

"எங்க இருக்க நீ?"

"இதுலதாங்க நிக்கிறேன். இதோ வந்துட்டேன். பாலா நிக்கிறான், நீங்க நிக்கிறீங்க." ஒரு வினாடி. "ஏன் எல்லாரும் என்னைய இப்படிப் பாக்கறீங்க?"

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது காலி நடைபாதையை.

காப்பிக் குவளை வைத்திருந்தவர் அதைத் தரையில் வைத்துவிட்டார்.

"கலா... நட. வலது பக்கமா நட. சீக்கிரம்."

போனில் உயரச் செருப்பின் சத்தம். டொக் டொக் டொக். கொஞ்சம் இரைந்த மூச்சு. "நடக்கறேங்க. அதே விளம்பரமே திரும்பத் திரும்ப வருது. அந்தக் காண்டோ வீட்டு விளம்பரம். 'ஐந்தே நிமிடத்தில் இல்லம்.' இது நாலாவது வாட்டி."

கன்னையா அறைக்குள் ஓடி மெயின் சுவிட்சின் பிடியில் கை வைத்துவிட்டார். "சார், அறுத்துடவா? சொல்லுங்க சார்!"

கார்த்திகேசு வாயைத் திறந்தார். கண் மேலே போனது. சுவரில் பெரிய எழுத்தில் பலகை. 'இடைநிற்காமல் 99 நாள்.'

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்? மூன்று வினாடி என்கிறான் பாலன். அத்தான் ஆயிற்றே. கன்னையாவைக் கேட்டால், நாற்பது வினாடி, நான் கடிகாரத்தைப் பார்த்தேன் என்கிறார்.

"என்னங்க," போன் சொன்னது, "உங்க முகம் சின்னதாத் தெரியுதே. தள்ளிப் போறீங்களா?"

"அறு! அறு கன்னையா!"

விளக்குகள் போயின. நடைபாதை ஒரு முறை உதறி... நின்றது. கைப்பிடிச் சத்தம் நின்றது. அந்த இருநூறு மீட்டரும் அமைதி. அந்த அமைதியில் போனுக்குள்ளிருந்து மட்டும்... டக்... டக்... டக்.

"நிறுத்திட்டேன் கலா. நின்னுடுச்சு. அப்படியே நடந்து வா."

"நிக்கலையே. போயிட்டேதானே இருக்கு."

"ஓரத்துல செவப்புப் பட்டன் இருக்கும். அழுத்து."

"இருக்கு. மூடி போட்டுக் கட்டியிருக்கு. ஏதோ காகிதம் ஒட்டி... உங்க கையெழுத்துங்க இது." பல்லால் கடித்து இழுக்கும் சத்தம். பிளாஸ்டிக் உடைந்தது. "அழுத்திட்டேன். ஒண்ணும் ஆகலையே. என்னங்க... ஒண்ணுமே ஆகலையே?"

கழற்றிய வயரெல்லாம் சுருட்டிக் கட்டி, கன்னையாவின் மேசை இழுப்பறையில் இருந்தது. தேதி எழுதி.

"போன்ல நாலு பெர்சென்ட்தான் இருக்கு. இங்க நான் மட்டும் இல்லீங்க. இப்பத்தான் தெரியுது. முன்னாடி வரிசையா நிக்கிறாங்க. எல்லாம் வேலைக்குப் போறவங்க மாதிரி... ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. நான் எப்பங்க எறங்கறது?"

இணைப்பு போயிற்று.

பாலன் டார்ச்சை வாங்கிக்கொண்டு இருநூறு மீட்டரும் ஓடினான். திரும்பி ஓடினான். எந்த மூடியும் உடைந்திருக்கவில்லை. எந்தக் கட்டும் அறுபடவில்லை. பாதி வழியில் கைப்பிடி மேல் கை பட்டது. ஓர் இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

"மாதாவே," என்றார் உர்சுலா ஆன்டி. "போலீஸுக்குப் போகலையா?"

போனார்கள். ஏறியது கேமராவில் இருக்கிறது. இறங்கியது இல்லை. வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். கடன் உண்டா என்று கேட்டார்கள். எழுதிக்கொண்டார்கள். கம்பெனித் தலைவர் ஒரு டான்ஸ்ரீ, டத்தோவுக்கும் மேலே. கோல்ப் திடலிலிருந்து போனில் வந்தார். மிகவும் வருந்தினார். அப்புறம் கேட்டார்: "நாளைக்குப் பன்னிரண்டு பேர் இருப்பாங்கல்ல? அந்தக் கறுப்புக் கோட்டுக்கு வேற ஒருத்தரைப் போட்டுக்குங்க."

போட்டார்கள். புதுக் கோட்டு வாங்கி, வேறோர் அம்மாளுக்கு மாட்டினார்கள். மெயின் சுவிட்சை அறுத்ததால் நூறு நாள் சாதனை போச்சே என்று பயந்தீர்களா? அதெல்லாம் போகவில்லை. 'திட்டமிட்ட பராமரிப்பு' என்று எழுதினார்கள். அது நின்றதாகக் கணக்கில் வராதாம். இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை ஞாபகத்துக்கு வராமல்தான் அவர் நாற்பது வினாடி நின்றிருக்கிறார்.

திங்கட்கிழமை அமைச்சர் வந்தார். ஏறினார், கையசைத்தார், இறங்கினார். கூட வந்த இருபது பேரும் இறங்கினார்கள். கேடயம் வாங்கக் கார்த்திகேசைக் கூப்பிட்டார்கள். போனார். வாங்கினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, கால் தானாக நடந்தது என்று பிறகு பாலனிடம் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. வழக்கம்போல.

அப்புறம் எழுத ஆரம்பித்தார். நடைபாதையை மூடுங்கள், தினம் ஓர் ஆள் போகிறார், என் மனைவியே போய்விட்டாள் என்று பதினாலு கடிதம். பதினாலுக்கும் ஒரே பதில். அதோடு ஓர் இணைப்பு. பிரித்துப் பார்த்தால் பச்சை நிறத்தில் அவர் போட்ட ஸ்லைடு. 'தாங்களே நிறுவியபடி, இது ஏற்கத்தக்க வித்தியாசம்.' கன்னையா மட்டும் யாரையும் கேட்காமல் ஒரு நாள் வயரையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டார். இப்போது பட்டன் வேலை செய்கிறது. அழுத்தினால் நிற்கிறது. நமக்கு நிற்கிறது.

அக்காவின் எண்ணுக்கு அவர் இரவும் பகலும் அடித்துப் பார்த்தார். தொடர்பில் இல்லை என்றது. பத்து நாள் கழித்து, வேலைக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாக நடைபாதையில் நின்றபடி, சும்மா ஒரு தடவை அடித்தார்.

மணி போயிற்று.

"என்னங்க. இப்பத்தானே வச்சோம்?"

அவளுக்கு இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான். இன்னும் நாலு பெர்சென்ட்தான்.

முனை வந்து இறங்கிய உடனே அறுந்துவிட்டது. மறுபடி ஏறி அடித்தார், கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, அந்த நடைபாதையில் நிற்கும்வரை மட்டும்.

அதன்பிறகு அவர் வண்டி எடுக்கவில்லை. கிள்ளானிலிருந்து முதல் ரயில். ஒற்றைக் காலில் நின்று, யாருடைய அக்குளிலோ முகத்தை வைத்து. பயணி அனுபவம் என்றால் என்னவென்று மூத்த துணைப் பொது மேலாளருக்கு அப்போதுதான் தெரிந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரும் அக்காவும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் பேசியதாகப் பாலனுக்கு நினைவில்லை. இப்போது தினம் பேசினார்கள். பேசி முடித்ததும் அவர் இந்தப் பக்கம் இறங்குவார், அந்தப் பக்கம் ஏறுவார், திரும்ப இறங்குவார். பொழுது சாயும்வரை. தினம் ஓர் ஆள் போகிறாரே, அது தானாக இருக்கட்டும் என்று. எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நின்று பார்த்தார். சாயங்காலம் கன்னையாவிடம் போய்க் கேட்பார்.

"இன்னிக்கு?"

"ஒண்ணு குறையுது சார்."

"நான் இல்லையே."

"இல்ல சார். நீங்க எறங்கிட்டீங்க."

முதல் வாரமெல்லாம் அக்கா அழுதாள். கால் வலிக்குது, எப்ப எறங்கறது என்று கேட்டாள். இரண்டாவது வாரம் ஒரு நாள் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"முன்னாடி நிக்கிற பொண்ணு நல்ல பொண்ணுங்க. பொட்டலம் வச்சிருந்தா. பாதி குடுத்தா."

"சாப்பிடாதே கலா."

"சாப்பிட்டுட்டேனே. சூடா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் எப்போது இறங்குவது என்று கேட்கவே இல்லை.

போன மாதம். திங்கட்கிழமை. அத்தான் இளைத்துப் போனாரே என்று துணைக்குப் பாலனும் போயிருந்தான். ஏழரை மணிக் கூட்டம். முன்னால் முதுகு, பின்னால் வயிறு. எல்லோரும் குனிந்து அவரவர் போனில். கார்த்திகேசின் அடையாள அட்டை கழுத்தில் இல்லை என்பதைப் பாலன் அன்றுதான் கவனித்தான். ஏறியதும் அவர் அடித்தார். அக்கா குரலை அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

நாலு தடவை மணி அடித்தது. ஐந்து. ஆறு. அப்புறம் எடுத்தாள். பின்னால் அந்த டக்... டக்... டக். யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே எடுத்தது போல இருந்தது.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான் கலா."

"யாரு நான்?"

"விளையாடாதே கலா. நான்தான். பாலனும் பக்கத்துல இருக்கான். பேசு..."

போனை முகத்திலிருந்து விலக்கியது தெரிந்தது. பக்கத்தில் நிற்கும் யாருக்கோ சொன்னாள், தாழ்ந்த குரலில், வீட்டில் சொல்வது போல:

"ராங் நம்பர் போலங்க. ஆனா உங்க கொரல் மாதிரியே பேசறாரு."

பாலன் அத்தானைப் பார்த்தான். அவர் உதடு இரண்டும் இறுக மூடியிருந்தது. போனுக்குள் ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். கூட்டத்தில் பேசுகிற மாதிரி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. இருபத்தாறு வருடமாகப் பாலனுக்குப் பழக்கமான குரல்.

"வச்சிடும்மா. இன்னும் கொஞ்சத் தூரந்தான்."